குழிலென்ஸ் போட்ட பெண்

கண்ணாடி போட்ட மகள் எனக்கும் இருப்பதால், கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கடலூர்-சிதம்பரம் பஸ்ஸில் முன்சீட்டில் ஓர் அப்பா, பட்டுப்புடவையில் மகள். கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிறார்களாம்.

“அவுங்க முன்னாடி கண்ணாடியக் கழட்டிடு. போன்ல மாப்பிள்ளை வீட்டுல எதுக்கு குழிலென்ஸுன்னு சொன்ன? கண்ணுலயே கொறைன்னு நெனப்பாங்க,” என்றார் அப்பா.

“உள்பக்கம் வளைஞ்ச லென்ஸ்ப்பா. தூரத்துல இருக்கறது தெரியறதுக்குத்தான்.”

“ஒரு மணி நேரம் போடலன்னா செத்தா போயிடுவ?”

அவள் கழற்றி அவர் மடியில் வைத்தாள். “நீங்களே போட்டுக்கிட்டு மாப்பிள்ளைய நல்லாப் பாருங்க. எனக்கு மொகமே தெரியாது. ஆனா காலம்பூரா கூட இருக்கப்போறது நான்.”

சிதம்பரத்தில் இறங்கும்போது அவள் பஸ் படியைக் காலால் துழாவினாள். கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.