நல்லாக்கீதுன்னு சொன்ன சிப்பு

ஒட்டுக்கேட்கும் சுவாரசியத்தில், இறங்க வேண்டிய கோவளத்தைக் கோட்டைவிட்டு, மாமல்லபுரத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிய மகா புத்திசாலி நான். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் சொன்ன ஒரு வரிதான் என்னை எழவிடவில்லை.

“பழுதானதையே கூப்ட்டு, நீ பழுதான்னு கேட்டேன் மச்சான். இல்லைன்னுச்சு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“இன்னாடா ஒளர்ற?”

“நம்ம மெமரி சிப்புக்குள்ளயே குட்டி குட்டியா ப்ராசஸர் கீதுல்ல? வெளிய மெஷின்ல போட்டு சோதிச்சா நாள் பூரா ஆவும். அதுங்களையே மெமரில எழுதிப் படிச்சுப் பாத்துக்கச் சொன்னா சட்டுனு முடிஞ்சிடும்.”

“அது தெரிஞ்சதுதானே?”

“அந்த ப்ராசஸருங்களே பழுது. கெட்டுப்போன மெமரியையும் நல்லாக்கீதுன்னு சொல்லிடுச்சு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புன சரக்கெல்லாம் திரும்பி வந்துகினு கீது.”

“மேனேஜர் இன்னா சொன்னாரு?”

“நாளைக்கு ரூமுக்கு வரச் சொல்லிக்கீறாரு. வேலை போயிடும். வூட்ல இன்னும் சொல்லல.”

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. தலையை முன்னால் நீட்டினேன்.

“தம்பி, முதல்ல அந்த ப்ராசஸரையே சோதிச்சிருக்கலாமே?”

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நாளைக்கு அவரும் இதத்தான் கேப்பாரு சார்.”