மாடி வீட்டு ட்ரம்பெட்

...இல்ல தம்பி, அது சைரன் இல்ல. குடி வந்த அன்னைக்கே பயந்து ஓடிறாதீங்க. அது ட்ரம்பெட், வாயால ஊதுற பித்தளை வாத்தியம். மேல் மாடியில தபால்காரர் இருக்காரு, ரிட்டயர் ஆயிட்டாரு. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிப்பாரு. ஒரே சுரம்தான். அதுவும் முழுசா வராது, பாதியில வழுக்கிக்கிட்டு எங்கயோ போயிரும்... அந்த மூட்டைய கீழ வைங்க, கை வலிக்கும். நான் ஒரு நிமிஷத்துல முடிச்சிடுறேன்.

நான் எதிர் வீடு. தையல் வேலை. நேத்து ஒருத்தருக்கு சட்டை தைச்சுக்கிட்டு இருக்கேன், இவரு மேலேர்ந்து 'பேஏஏ'ன்னாரு பாருங்க, தூக்கிவாரிப் போட்டுச்சு. கழுத்த மூடித் தைச்சுட்டேன். போட்டுப் பாக்க வந்தவரு, தலைய உள்ள விட்டுட்டு வெளிய வர வழி தெரியாம வீட்டுக்குள்ளயே சுத்துறாரு.

எங்க வீட்டுக்காரர் காதுல பஞ்சு வச்சுக்கிட்டாரு. 'சாப்பிட வாங்க'ன்னா, 'ஆமா, மழை வரும்போலதான் இருக்கு'ங்கிறாரு. முன்னாடியும் அப்படித்தான், அது வேற விஷயம்.

போய்ச் சொல்ல வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. சொல்ல முடியாது தம்பி. அதுல ஒரு சிக்கல்... வாங்கிக் குடுத்ததே நான்தான்.

சிரிக்காதீங்க. எல்லாம் ரேடியோவால வந்த வினை. ஒரு டாக்டரம்மா பேசுனாங்க. காச நமக்குன்னு செலவு பண்ணா ரெண்டு நாள்தான் சந்தோஷமாம், அடுத்தவங்களுக்குப் பண்ணா அது நிக்குமாம். எங்கிட்ட புது மிஷினுக்குன்னு நாலு வருஷமா சேத்தது இருந்துச்சு. சரி, பாத்துருவோமேன்னு தோணிருச்சு. மொதல்ல நாத்தனாருக்கு ஒரு கைப்பை வாங்கிக் குடுத்தேன். 'என்ன, உனக்குப் பிடிக்கலன்னு என் தலையில கட்டுறியா'ன்னா. அங்க அந்த சந்தோஷம் ஒன்னும் கெடைக்கல.

அப்புறம்தான் தபால்காரர். படிக்கட்டுல பாத்தப்ப சொன்னாரு, 'முப்பத்தெட்டு வருஷம் ஒரு வாத்தியக் கடை வழியாத்தான் போவேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ட்ரம்பெட் மின்னிக்கிட்டு இருக்கும், தபால் இல்லாத நாள்லயும் எட்டிப் பாப்பேன்'னு. மறுநாளே போய் வாங்கிட்டு வந்துட்டேன். மனுஷன் பெட்டியத் தொறந்தாரு. சட்ட நுனியால அத தொடைச்சாரு. மறுபடி தொடைச்சாரு. புத்தம் புதுசு, அதுல தூசியே இல்ல. எனக்கு உள்ள என்னமோ எளகிருச்சு தம்பி. மூணு நாள் சோறு தண்ணி கூட வேண்டியிருக்கல. டாக்டரம்மா சொன்னது நெசம்தான்.

நாலாவது நாள்தான் ஊத ஆரம்பிச்சாரு.

திருப்பிக் கேக்க மனசு வருமா? போன வாரம் கதவத் தட்டி, 'உங்களுக்குன்னே ஒரு பாட்டு பழகியிருக்கேன்'னு சொல்லி, நின்ன வாக்குல ஊதுனாரு. மாடு கெணத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் அழுதுட்டேன். அவரு, பாட்டு அவ்வளவு உருக்கமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டாரு. எதுக்கு அழுதேன்னு... எனக்கே சரியாத் தெரியல.

ஆனா அந்த மூணு நாள் சந்தோஷம் இருக்கு பாருங்க, அது மறுபடியும் வேணும்போலவே இருக்கு தம்பி. கையில கொஞ்சம் மிச்சமும் இருக்கு. கூச்சப்படாம சொல்லுங்க, சின்ன வயசுலேர்ந்து ஆசப்பட்டு, வாங்க முடியாமலே போன சாமான் ஏதாவது...

தம்பி? பேசிக்கிட்டு இருக்கும்போதே உள்ள போய்த் தாப்பாள் போட்டுக்கிட்டா எப்படி?

சரி, மெதுவா யோசிச்சே சொல்லுங்க. சத்தம் வராததா இருந்தா போதும்.