கைமாறு இல்லாத சொல்

— சில்வெஸ்ரர் அந்த வள்ளத்துக்கு எனக்கு என்ன தந்தவர், அஜந்தா? முதல்லை அதைச் சொல்லும்.

— ஒண்டும் தரேல்லை, அத்தான்.

— பிறகென்ன? லண்டனிலை கனவருசமா சட்டக் கந்தோரிலை இருக்கிறன். கைமாறு வாங்காமல் சொன்ன சொல்லு அங்கை ஒப்பந்தமே இல்லை. வெறும் காத்து. விளங்குதோ?

— அது இங்கிலீசுக்காரன்ரை கணக்கு. இஞ்சை ஒப்பந்தத்துக்கு ஒல்லாந்தன் விட்டிட்டுப் போன சட்டம். என்ன வாங்கினனீர் எண்டு அது கேக்காது. மனசார நினைச்சுச் சொன்னதோ, நியாயமான காரணம் இருந்ததோ, மற்றவர் ஓமெண்டவரோ, இவ்வளவுதான் கேக்கும்.

— அண்டைக்கு ஐயா செத்து முப்பத்தோராம் நாள் கிரியை. அழுதுகொண்டு நிண்டனான். அழுகிற மனிசன் என்னத்தையும் சொல்லுவான்.

— சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை எழும்பி நிண்டு, "ஐயாவின்ரை வள்ளம் இனி உங்கடை, அண்ணை" எண்டு சொன்னனீங்கள். கரம்பொன்னிலை பாதிச் சனம் கேட்டது. அவரும் கையெடுத்துக் கும்பிட்டு ஓமெண்டவர். நீங்கள் அண்டைக்கு அதை நினைச்சுத்தானே சொன்னனீங்கள்?

— நினைச்சன். அதுதான் பிழை.

— பொறுங்கோ. மாமாவுக்கு, உங்கடை ஐயாவுக்கு, மூச்சு முட்டேக்கை நெடுந்தீவிலையிருந்து அந்தக் கடலுக்குள்ளாலை கொண்டந்து ஆசுப்பத்திரியிலை சேர்த்தவர் அவர். அந்த நன்றி காணும் காரணத்துக்கு.

— எங்கடை சட்டத்திலை காணாது. நடந்து முடிஞ்ச உதவி கைமாறாகாது.

— "எங்கடை"யோ? நீங்கள் கப்பல் மாறி ஏறிட்டியள், அத்தான்.

— பகிடி விடாதையும். நீர் என்ரை மனிசி மனோகரியின்ரை தங்கச்சி. அந்தாளுக்காக எனக்கெதிரா வழக்குப் போடப் போறீரோ?

— வழக்குப் போட வரேல்லை. அவர் என்ரை சட்டக் கந்தோருக்கு வந்து, கதிரையிலை இருந்து, "தம்பி சொன்னது பொய்யோ, பிள்ளை?" எண்டு மட்டும் கேட்டவர். எனக்கு அவற்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

— எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனால் இப்ப திருப்ப ஏலாது.

— ஏன் ஏலாது? பேசித் தீக்குமட்டும் வள்ளம் கிடந்த இடத்திலை கிடக்கட்டும். அதைக் கேக்கத்தான் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்தனான். கடலுக்கை போட்ட தாம்போதி ரோட்டாலை வரேக்கை கடல் கறுத்துக் கிடந்தது. இந்தச் சோளகக் காத்துக்குத் தீவுகளுக்குப் போற லோஞ்சும் விடேல்லையாம்.

— அந்த யன்னலைச் சாத்தும். அடிச்சுக்கொண்டிருக்குது.

— கதையை மாத்தாதையுங்கோ.

— வள்ளத்தைக் குடுத்தாச்சு, அஜந்தா. கடலட்டை வளக்கிற கொம்பனிக்கு. அவங்கள் கைமாறு தந்தவங்கள். சயந்தனை மனேச்சரா எடுத்திருக்கிறாங்கள்.

— சயந்தனையோ?

— ஓம். லண்டனிலை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்த பிள்ளை. ஒரு சொல்லுப் பறையாது. இஞ்சை வந்து கடலைக் கண்டாப் பிறகுதான் சிரிச்சவன். பெத்த பிள்ளை தப்புறதுக்கு ஒரு வழி வந்தால் நான் வேறை என்ன செய்வன்? சொல்லும்.

— அதைச் சில்வெஸ்ரரண்ணைக்கு நேரை சொல்லியிருந்தால் அவர் தானே வள்ளத்தை விட்டுத் தந்திருப்பார்.

— ஏன் சொல்லவேணும்? சொல்லுற கடமை எனக்கில்லை. சரி, இங்கிலீசுச் சட்டத்திலையும் ஒரு சின்ன வாசல் இருக்கு. சொல்லை நம்பி அந்தாள் ஏதும் செய்து நட்டப்பட்டிருந்தால் நீதிபதி கொஞ்சம் இரங்குவார். சில்வெஸ்ரர் அப்பிடி என்ன செய்தவர்? காட்டும் பாப்பம்.

— செய்தவர், அத்தான். தன்ரை வள்ளமெண்டு நம்பி, உக்கிப்போன அடிப்பலகை முழுக்க வெட்டி எடுத்துப்போட்டார்.

— எப்ப?

— போன கிழமை. மழைத்தண்ணி போகாமல் மெல்லிசா ஒரு பைபர் ஒட்டி, மேலாலை பெயின்ற் அடிச்சு விட்டிருக்கிறார். புதுப்பலகை வாங்கத்தான் யாழ்ப்பாணம் வந்தவர். வந்த இடத்திலைதான் கொம்பனிக்காரர் வள்ளத்தை வந்து பாத்த கதையை ஆரோ போனிலை சொல்லியிருக்கினம். கோட்டிலை இந்த ஒரு சாட்சி காணும். என்ன, ஏன் எழும்பினனீங்கள்?

— அப்ப அடியே இல்லையோ?

— விரலாலை குத்தினாலும் ஓட்டை விழும் எண்டவர். கரையிலை கிடக்குமட்டும் பயமில்லை. என்ன தேடுறியள், அத்தான்? ஆருக்குப் போன் எடுக்கிறியள்?

— போகுதில்லை. காலமையிலையிருந்து போகுதில்லை. நான் சிக்னல் இல்லையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

— ஆருக்கெண்டு கேட்டனான்.

— சயந்தனுக்கு. விடியவே அந்த வள்ளத்திலை கொம்பனிக்காரரை ஏத்திக்கொண்டு எழுவைதீவுக்கு வெளிக்கிட்டவன்.