கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிய கம்பி

கள்ளக்குறிச்சி, 20.01.2026, முற்பகல். நீதித்துறை நடுவர் முன்னிலையில் சாட்சி தானாக வந்து சொல்லக் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது.

பெயர் கலையரசி. வயது 34. கணவர் பெயர் கொளஞ்சியப்பன், உயிருடன் இல்லை. கருணாபுரம், கள்ளக்குறிச்சி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

நான் மேற்படி விலாசத்தில் என் மகள் சுபஸ்ரீயுடன் குடியிருந்து வருகிறேன். 2024 ஜூன் மாதம் என் கணவர் இறந்த பிறகு, ஊருக்குள் உள்ள ஒரு தனியார் பள்ளியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பள்ளியின் தாளாளர் அம்சவள்ளி அம்மாள், என் மகளை அங்கேயே கட்டணம் வாங்காமல் படிக்க வைத்து வருகிறார். அவள் இப்போது ஏழாம் வகுப்பு.

அதே பள்ளியில் காவலாளியாக இருந்தவர் தர்மன். கல்வராயன் மலைக்காரர். அவர் மனைவி வெள்ளச்சி என்னுடன் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். இருவரும் பள்ளி வளாகத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். வெள்ளச்சி 22.12.2025 மாலை மின்சாரம் தாக்கி இறந்தார். மனைவியைக் கொன்றதாகத் தர்மன் சிறையில் இருக்கிறார். அவர் கட்டியிருந்த தழையை எடுத்தது நான். அதைச் சொல்லவே வந்துள்ளேன்.

நேற்றும் வந்தேன். சொன்னால் என் மீதும் வழக்கு வரலாம், யோசித்துவிட்டு வரவும் என்று நடுவர் சொல்லி அனுப்பினார்கள். யோசித்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எனக்கு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 12ஆம் தேதி பள்ளியின் கீழ்த்தளக் கூடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்தோம். மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பிலிருந்து சவுக்கு மரத்தின் தலைப்பகுதியை வெட்டிக்கொண்டு வந்து, மணல் நிரப்பிய டிரம்மில் நட்டார் தர்மன். அதில் பஞ்சு ஒட்டி, கலர் உருண்டைகளும் சீரியல் லைட்டும் மாட்டினோம். மரத்தின் அடியில் வைக்கோல் பரப்பிக் குடில் அமைத்தோம். 23ஆம் தேதி விழா. சிறப்பு விருந்தினர் வருவதாக இருந்தது.

வளாகத்தில் நான்கைந்து பூனைகள் உண்டு. மதியம் பிள்ளைகள் சிந்தும் சோற்றுக்கு வருபவை. அவை மரத்தில் ஏறி உருண்டைகளை உடைத்தன. குடிலில் மூத்திரம் பெய்தன. மிளகாய்த் தூள் போட்டோம், பாச்சை உருண்டை போட்டோம், ஆரஞ்சுத் தோல் போட்டோம். நிற்கவில்லை. அதன் பிறகு தர்மன் இரண்டு பூனைகளைச் சாக்கில் கட்டி, வண்டியில் எடுத்துப் போய் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் இரண்டும் மரத்தடியில் இருந்தன.

18ஆம் தேதி காலை தாளாளர் எங்களைக் கூப்பிட்டு, “இன்னா தர்மா, பூனைய ஒழிக்க ஒனக்கு ஒரு வாரம் பத்தலையா?” என்று கேட்டார்.

“சர்க்கர ஆலை ரோட்டுல கொண்டு போய் வுட்டேம்மா. நான் வர்றதுக்குள்ள அது வந்து ஒக்காந்துகினு இருக்குது.”

“பஸ்சுக்குக் காசு குடுத்து அனுப்பிச்சியா மாமா?” என்று வெள்ளச்சி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். தாளாளரும் சிரித்தார். அதன் பிறகு அவர், மலையில் பன்றிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விளைந்த காட்டைச் சுற்றிக் கரண்டுக் கம்பி கட்டுவோம் என்றார் தர்மன். தாளாளர் அதையே இங்கேயும் கட்டச் சொன்னார்.

“அது காட்டுக்கும்மா. வூட்டுக்குள்ள கட்டறது இல்ல.”

“பூனைக்குத்தான. லேசா சுருக்னு இருந்தா ஓடிடும். விழா முடியற வரைக்கும் கட்டு.”

இதை நான் என் காதால் கேட்டேன். கம்பி பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று தாளாளர் போலீசாரிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது சரியல்ல.

அன்று மாலையே தர்மன் மரத்தையும் குடிலையும் சுற்றி மேலுறை இல்லாத கம்பியைக் கட்டி மின் இணைப்புக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மாலை ஆறு மணிக்குப் போடுவார். காலை ஆறு மணிக்கு அணைத்துவிட்டுக் கம்பியைச் சுருட்டி வைப்பார். சுவிட்சைப் போட்டதும், வாசலில் நிற்கும் புங்க மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்து வந்து கூடத்தின் கிரில் கதவில் கட்டுவார். காலையில் அணைத்த பிறகே அவிழ்ப்பார். முதல் நாள் அதைப் பார்த்து, “இன்னா தர்மா, பூனைக்கு மந்திரிக்கிறியா?” என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “அக்கா, இந்தத் தழைய மட்டும் தொடாதீங்க. தழை இருந்தா கம்பியில கரண்டு இருக்குது. இல்லன்னா இல்ல. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்” என்றார்.

“ஒரு அட்டையில எழுதி மாட்டலாமே.”

“வெள்ளச்சிக்குப் படிக்கத் தெரியாதேக்கா.”

ஆகவே தழை எதற்கென்று எனக்குத் தெரியும்.

20ஆம் தேதி காலை, கம்பியைச் சுருட்டிய பிறகு, ஒரு பெண் பூனை குடிலின் வைக்கோலில் மூன்று குட்டி போட்டது. வெள்ளச்சி அவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மோட்டார் அறைக்குக் கொண்டு போனார். தாய்ப்பூனை பகல் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு குடிலுக்கே திரும்ப வந்தது. இப்படி மூன்று நாளும் நடந்தது. ஒவ்வொரு மாலையும் கம்பி கட்டும் முன் வெள்ளச்சி குட்டிகளை எடுத்துப் போவார். வைக்கோலில் சூடு இருக்கிறது, அதனால் வருகிறது என்பார். வெள்ளச்சிக்குப் பிள்ளை இல்லை.

22ஆம் தேதி காலை தர்மன் குடிலைச் சுத்தம் செய்யும்போது கோபப்பட்டு, “பூனையோட நீயும் போய் சாவு” என்று மனைவியிடம் சொன்னார். நானும் வேன் டிரைவர் காசிநாதனும் கேட்டோம். இது வழக்கில் இருக்கிறது. அதன் பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் டீ குடித்தார்கள். அதைப் பற்றிப் போலீசார் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குத் தர்மன் கம்பியைக் கட்டி, சுவிட்சைப் போட்டு, தழையைக் கட்டினார். நான் பார்த்தேன். பச்சைத் தழை, அப்போதுதான் ஒடித்தது. வெள்ளச்சி அப்போது கொட்டகையில் உலை வைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பந்தல்காரர் நாற்காலி கொண்டு வந்ததால் தர்மன் கேட்டுக்குப் போனார். ஆறேகாலுக்குத் தாளாளர் விழா ஏற்பாட்டைப் பார்க்க வந்தார். கிரில் கதவைப் பார்த்து, “இன்னாடி இது, மாரியம்மன் கோயில் மாதிரி? நாளைக்குப் போட்டோவுல வேப்பில தெரியும். எடுத்துப் போடு” என்றார்.

“இது வேப்பில இல்லம்மா, புங்கன்” என்றேன்.

நான் அதை மட்டும்தான் சொன்னேன்.

தழையின் பொருள் தாளாளருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் அவிழ்த்தேன். அவர் போனதும் மறுபடி கட்டிவிடலாம் என்று நினைத்து, மாடிப்படிக்குப் பின்னால் முறத்தில் வைத்தேன். ஆனால் அவர் போகவில்லை. மேலே போய் தேவதை உடைகளுக்கு இஸ்திரி போடச் சொன்னார். பன்னிரண்டு உடைகள். போனேன். படியில் ஏறும்போது தழை நினைவில் இருந்தது. இரண்டு உடை முடிவதற்குள் மறந்துவிட்டது. வெள்ளைத் துணி. தீயக்கூடாது என்று கவனமாகப் போட்டேன்.

ஏழாவது உடையை மடிக்கும்போது விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. கீழே வாளி உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு தர்மனின் குரல். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே ஒரு முறை.

நான் இறங்கி வந்தபோது வெள்ளச்சி குடிலின் முன் விழுந்து கிடந்தார். தரை முழுக்கத் துடைத்த ஈரம். துணியும் வாளியும் கதவருகே கிடந்தன. வலது கை குடிலுக்குள் இருந்தது. விரல்களுக்கிடையே வைக்கோல். தர்மன் அவரைத் தொடாமல் வெளியே ஓடினார். மனைவியைத் தூக்காமல் தப்பி ஓடப் பார்த்தான் என்று பந்தல்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓடியது மெயின் சுவிட்சுக்கு. மெயினை அணைத்துவிட்டு வந்துதான் தூக்கினார். அதற்கு முன் தொட்டிருந்தால் அவரும் போயிருப்பார். காசிநாதனின் வேனில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஏற்கெனவே உயிர் போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

வேனில் வெள்ளச்சியின் தலை என் மடியில் இருந்தது. தர்மன் கால்களைப் பிடித்துக்கொண்டு, “தழை கட்டியிருந்தேனே, தழை கட்டியிருந்தேனே” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்தபோது போலீசார் கூடத்தில் இருந்தார்கள். கம்பியையும் சுவிட்சையும் எடுத்துக்கொண்டார்கள். குடிலில் ஒரு குட்டி உயிருடன் இருந்தது. வெள்ளச்சி எடுத்துப் போன பிறகு, ஆறு மணிக்கு முன்பே தாய்ப்பூனை அதைத் திரும்பக் கொண்டு வந்து விட்டிருக்க வேண்டும். கம்பி கட்டிய அத்தனை நாளில் ஒரு பூனைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

23ஆம் தேதி விழா நடக்கவில்லை. காலையில் தாளாளர் குடிலைப் பிரித்து எரிக்கச் சொன்னார். வைக்கோலைக் குழியில் போட்டு எரித்தேன். முறத்தில் இருந்த தழையையும் அதில் போட்டேன். பச்சையாக இருந்ததால் வெகு நேரம் புகைந்தது. அன்று மதியம் போலீசார், கதவில் தழை பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மற்றவர்களும் இல்லை என்றார்கள். அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தழை இல்லாததால், மனைவி கை வைக்கட்டும் என்றே தர்மன் கட்டாமல் விட்டார் என்று வழக்கு ஆனது.

24ஆம் தேதி தாளாளர் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. “ஒனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் ஒண்ணும் தெரியாது. பொண்ணு படிக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார். தலையாட்டினேன்.

ஜனவரி 9ஆம் தேதி வெள்ளச்சியின் தங்கை மகேஸ்வரி, அக்காவின் சாமான்களை எடுத்துப் போக மலையிலிருந்து வந்தார். கொட்டகையைத் திறந்துவிட்டேன். ஒரு தகரப் பெட்டி, இரண்டு புடவை, கண்ணாடி, ஒரு போசிப் பாத்திரம். எல்லாவற்றையும் மூட்டை கட்டிய பிறகு அவர் என்னிடம் கேட்டார்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். தழை இருந்திருந்தா எங்கக்கா கை வெச்சிருக்காது. மாமா கட்டினேன்றாரு. நீங்க அங்கதான இருந்தீங்க. கட்டினாரா?”

“நான் பாக்கலம்மா” என்றேன்.

“நல்லா நெனச்சுப் பாத்து சொல்லுங்க. ஜாமீனுக்கு எங்கப்பா நெலப் பத்திரத்த எடுத்துக்கினு வரேன்னு சொல்லிக்கினு இருக்காரு. ஊர்ல எல்லாரும் வேணான்றாங்க. அவரு மட்டும், மாப்பிள அப்பிடி செய்ய மாட்டாருன்றாரு.”

“பாக்கல.”

“அப்ப அவருதான்” என்றார் மகேஸ்வரி. அழவில்லை. “அப்பாகிட்ட வேணான்னு சொல்லிடறேன்” என்று சொல்லி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸுக்குப் போனார். பஸ் நிலையம் வரை நானும் உடன் போனேன். போசியை நான் தூக்கிக்கொண்டேன். போகும் வழியில் சொல்லியிருக்கலாம். பஸ் புறப்பட அரை மணி நேரம் ஆனது. அப்போதும் சொல்லியிருக்கலாம்.

பொங்கல் விடுமுறையில் என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “மேல போறதுக்கு முன்னாடி கட்டிட்டுப் போயிருக்கலாம் இல்லம்மா?” என்றாள். அதன் பிறகு, “அந்த ஸ்கூலுக்கு நான் போவல” என்றாள். விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த அன்று, அதாவது நேற்று, இங்கே வந்தேன்.

நான் கைதானால் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நடுவர் கேட்டார்கள். சங்கராபுரத்தில் என் தங்கை இருக்கிறாள். சொல்லி வைத்திருக்கிறேன். அவள் சரி என்று இன்னும் சொல்லவில்லை.

இந்த வாக்குமூலத்தை மகேஸ்வரிக்கும் அவர் அப்பாவுக்கும் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. அப்படியானால் நானே போய்ச் சொல்ல வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். என் மீது நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் அதற்கு மறுநாள் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே அவர்கள் என்னை என்ன செய்தாலும் புகார் கொடுக்க மாட்டேன் என்பதையும் இதில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், தழையை ‘அறியாமல் எடுத்தேன்’ என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. ‘அறிந்தே எடுத்தேன்’ என்று மாற்றச் சொன்னேன். நடுவர் என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் சொன்னேன். மாற்றி எழுதப்பட்டது. மற்றவை யாவும் நான் சொன்னபடியே இருக்கின்றன, அவை உண்மை.

(ஒப்பம்)
கொ. கலையரசி