இடது கால்

“மச்சான், உன் இடது கால் தூங்கிகினு கீது.”

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவன் டிரையத்லான் போட்டிக்காகக் கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடிப் பயிற்சி முடித்திருந்தான். அவன் ஓடியதை மற்றவன் போனில் மெதுவாக ஓட்டிக் காட்டினான்.

“சைக்கிள் மிதிச்ச அசதிடா.”

“அசதின்னா ரெண்டு காலும் சோரணும். இது மட்டும் தரையை இழுத்துகினு வருது பாரு. போன மாச வீடியோலயும் அப்படித்தான்.”

ஓடியவன் போனை வாங்கி மூன்று முறை பார்த்தான்.

“எங்க நைனாவுக்கும் இப்படித்தான் ஒத்தச் செருப்பு தேய ஆரம்பிச்சுது. ரெண்டே வருஷம், படுக்கையிலயே போய்ட்டாரு.”

நண்பன் போனைத் திரும்ப வாங்கி வீடியோவை நிறுத்தினான்.

“நாளைக்கு டாக்டராண்ட போலாமா?”

“போலாம். அம்மாவாண்ட மட்டும் இந்த வீடியோவக் காட்டிடாத.”