அந்த ஒரு வரி

மாலை நான்கு ஐம்பது. கொழிஞ்சாம்பாறை போகும் பேருந்தில் முதலில் கண்ணில் பட்டவை, பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் குத்தியிருந்த இலை வடிவ பேட்ஜுகள். சுற்றுச்சூழல் கல்வி மையத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். என் முன் இருக்கையில், டீச்சரின் பக்கத்தில் இருந்த சிறுமியிடம் மட்டும் பேட்ஜ் இல்லை.

"உறுதிமொழி பூராவும் சொன்னேனுங்க டீச்சர். அந்த ஒரு வரியத்தான் சொல்லல" என்றாள்.

"காட்டு மிருகத்த வெரட்ட மாட்டேன்னு சொன்னா வாயா வலிக்குது கண்ணு?"

"தெனமும் காத்தால தகரத்தத் தட்டிப் பன்னிய வெரட்டறது நாந்தானுங்க. நாளைக்கும் வெரட்டோணும்."

பின்னாலிருந்து இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். "மயிலையும் வெரட்டுவா டீச்சர்! இவ கல்லு குறி தப்பாது!"

"நீ சும்மா இருடி. உங்க ஊட்டுக் கடலையத் தின்னாத் தெரியும்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லாதவங்களுக்குக் காட்டு முகாம் இல்லைன்னு மையத்துல சொல்றாங்க. யானை பாக்கோணும்னு நீதான ஆசப்பட்ட? இப்பச் சொல்லு, நான் போன் பண்ணிப் பேரச் சேத்தறேன்."

சிறுமி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய் சொல்லிப்போட்டு யானையப் பாக்கோணுங்களா?"

"அப்ப முகாம் வேண்டாமா?"

"வேணுங்க. ஆனாச் சொல்ல மாட்டேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். அங்கே கடலைக்காட்டைச் சுற்றி, பன்றி நுழையாமலிருக்கப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். ஒரு சேலை அவிழ்ந்து கிடந்தது. பேருந்து கிளம்பியபோது அவள் பையை வரப்பில் வைத்துவிட்டு அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.