நாக்கு வைத்த கல்

காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காருங்கள். இது நம் கொத்தனாரின் சகலைக்கு நடந்தது. கொத்தனார் புளுகுவார். சகலை புளுக மாட்டான், அவ்வளவு புத்தி கிடையாது.

மதியம் மூன்று மணி. கல்குழிக்குப் போகிற ஒற்றை ரோடு... ஒரு காக்கை கூட இல்லை.

சகலைக்குக் கல் தரம் பார்க்கிற வேலை. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியும். தண்ணீர் எடுத்து வரச் சோம்பல். நக்கிப் பார்ப்பான். நாலு வயது மகளும் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

முந்தின நாள் குழிக்கரையில் ஒரு கல் தேங்காய் போல் இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு பாதியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள். மனுஷன் பிறக்கும் முன்னே கடலில் பூண்டோடு அற்றுப் போன ஓட்டுப் பிராணி, அம்மோனைட்டாம். படித்தவன் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். ஒரு பாதியை வீட்டுக் குழாயடியில் போட்டுவிட்டான். மற்றதை அன்று நக்கினான்.

கல் ஜில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக... வழவழவென்று... அழுகின மீன்குடல் நாற்றம். நாக்கு ஒட்டிக்கொண்டது. மெல்லிசாக ஏதோ நாக்கின் அடியைத் தடவியது. 'ப்ச்' என்று ஒரு சத்தம். பிய்த்துக்கொண்டு ஓடினான்.

நாலு நாள் எது தின்றாலும் அதே நாற்றம். கொப்பளித்தால் கோழை நூல் நூலாக வந்தது. "உங்க வாய்க்குள்ள என்னங்க செத்துக் கிடக்கு?" என்று பெண்டாட்டி தட்டை வாசலில் வைத்தாள். அதைப் பொறுத்துக்கொண்டான். மகள் முத்தம் கேட்டு வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு விலகினானே, அதுதான் அவனைத் தின்றது.

கல்குழி மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு, "எங்க வாங்குனியோ அங்கயே குடுத்துட்டு வாடா" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள், அதே மூன்று மணி. கண்ணை மூடிக்கொண்டு அதே கல்லில் நாக்கை வைத்தான். 'ப்ச்'... வாய் கழுவிவிட்டது போல் ஆயிற்று. கல்லைக் குழித் தண்ணீரில் உருட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தான். தண்ணீர் தண்ணீராக இருந்தது. முத்தம் கொடுக்க மகளைத் தேடினான்.

குழாயடியில் குனிந்து கிடந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"உன்னை மாதிரி நிறம் பாக்கறேன்ப்பா." தலையைக் கொஞ்சம் தூக்கினாள். "கூசுதுப்பா... இது திருப்பி நக்குது."

அவள் உதட்டிலிருந்து கல் வரைக்கும் ஒரு கோழை நூல். அது அறுபடவில்லை. கல்லுக்குள் மெதுவாக இழுபட்டுக்கொண்டிருந்தது.